சிரிப்பும் சர்வாதிகாரியும்: சாப்ளின் படமும் பார்த்தவர் உள்ளமும்

வசைபாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம் என்றும் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாக, முகத்துக்கு நேரே பழிப்பது முன்னது. பழியை உள்ளே மறைத்துப் பேசுவது பின்னது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்குள்ள படைகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று அழகாக விளங்குகின்றன என்று வியந்து, அதியமானின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்று கூறி முடித்த புறநானூற்றுப் பாட்டைப் பாடம் சொல்லாத தமிழாசிரியர் இரார். அதைக் கேட்ட தொண்டைமான் என்ன செய்தான்? சிரித்தானா, சினந்தானா, பொருள் விளங்காமல் மகிழ்ந்துபோனானா? பாட்டு அதனைக் கூறவில்லை. அங்கதத்தின் வரலாற்றில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் பகுதி இதுவே. பாடியவர் பெயர் நிற்கிறது. கேட்டவர் முகம் மறைந்துவிடுகிறது.

கேட்டவர் முகங்களும் ஓரளவு பதிவாகி நிற்கும் நிகழ்ச்சி ஒன்று இருபதாம் நூற்றாண்டில் உண்டு. 1940ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி கிரேட் டிக்டேட்டர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படமே அது. ‘மாபெரும் சர்வாதிகாரி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர், இயக்கியவர், இரட்டை வேடத்தில் நடித்தவர், கைப்பணம் போட்டு எடுத்தவர் ஆகிய எல்லாரும் ஒருவரே: சார்லி சாப்ளின். படம் ஒன்றுதான். ஆயினும் நியூயார்க்கில் அதைக் கண்டவர் ஒரு படம் கண்டனர். லண்டனில் கண்டவர் வேறொரு படம் கண்டனர். 1946இல் பெர்லின் நகரில் கண்டவர் முற்றிலும் வேறான ஒன்றைக் கண்டனர்.

ஒரே மீசை

சாப்ளின் பிறந்தது 1889 ஏப்ரல் 16ஆம் நாள். ஹிட்லர் பிறந்தது அதே ஆண்டு, அதே திங்கள் 20ஆம் நாள். நான்கு நாள் இடைவெளியில் பிறந்த இருவரும் ஒரே வகையான மீசையைத் தாங்கி உலகத்துக்கு அறிமுகமாயினர். ஒருவர் நாடோடியாக நடித்துக் கோடிக்கணக்கானவரைச் சிரிக்க வைத்தார். மற்றவர் செய்ததை உலகம் அறியும். இந்த மீசை ஒற்றுமையை வைத்து ஆள்மாறாட்டக் கதை ஒன்று எடுக்கலாமே என்று 1937இல் அலெக்ஸாண்டர் கோர்டா என்னும் படத் தயாரிப்பாளர் தம்மிடம் கூறியதாகச் சாப்ளின் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

கதை எளியது. டொமேனியா என்னும் கற்பனை நாட்டை அடினாய்டு ஹிங்கெல் என்பவன் ஆள்கிறான். அந்நாட்டின் யூதச் சேரியில் ஓர் எளிய நாவிதன் வாழ்கிறான். இருவருக்கும் ஒரே முகம். இறுதியில் நாவிதனைச் சர்வாதிகாரி என்று கருதி மேடையேற்றிவிடுகின்றனர். பெயர்களிலேயே ஏளனம் பொதிந்திருந்தது. டொமேனியா என்பது கெட்டுப்போன உணவில் தோன்றும் நஞ்சுக்குரிய ஆங்கிலச் சொல்லை நினைவூட்டும். இத்தாலிக்கு இட்ட பெயர் பாக்டீரியா. அதன் தலைவன் நாபலோனி. கோயபல்ஸ் குப்பையாகவும் கோரிங் மீனாகவும் பெயர்மாறி வந்தனர். சேரிப் பெண்ணாக நடித்த பாலெட் காடர்டுக்கு மட்டும் ஏளனமற்ற பெயர் வாய்த்தது. ஹன்னா என்பது சாப்ளினின் தாயார் பெயர்.

உலக உருண்டையைப் பந்தாகத் தட்டி ஹிங்கெல் ஆடும் ஆட்டமும், முடிதிருத்தும் நாற்காலிகளில் அமர்ந்த இரு சர்வாதிகாரிகளும் ஒருவரைவிட ஒருவர் உயரவேண்டும் என்று நாற்காலியை ஏற்றிக்கொண்டே போகும் காட்சியும் இன்றும் பேசப்படுபவை. அவற்றைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது ஹிங்கெலின் மேடைப்பேச்சு. அவன் பேசுவது ஜெர்மன் அன்று; எந்த மொழியும் அன்று. இருமலும் உறுமலும் நடுநடுவே சில உணவுப் பெயர்களும் கலந்த ஓசைக் குவியல் அது. பொருளே இல்லாத அந்தப் பேச்சு எல்லார்க்கும் விளங்கிற்று.

சொல் விளங்காவிட்டாலும் நடிப்பு விளங்கும் என்னும் உண்மையைச் சாப்ளின் நேரிற் கண்ட ஊர்களுள் சிங்கப்பூரும் ஒன்று. 1932இல் தம் தமையனார் சிட்னியுடன் கீழைநாடுகளைச் சுற்றிவந்தபோது, இங்கே ‘நியூ வேர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவில் சீனக் கூத்து ஒன்றை அவர் கண்டார். மூன்று இரவுகள் நடந்த அந்நாடகத்தில் இளவரசனாக நடித்தவள் பதினைந்து வயதுச் சிறுமி. மொழி தெரியாமல் இருப்பதே சில வேளைகளில் நன்று என்று அந்த அனுபவத்தைப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார். அந்தச் சிறுமிக்கும் ஹிங்கெலுக்கும் நேர்த்தொடர்பு கற்பிப்பது மிகையாகும். ஆயினும் அவ்வுண்மையை அவர் எத்துணை ஆழமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அது சான்று.

பார்க்குமுன் எழுந்த எதிர்ப்பு

படத்தைப் பார்த்துச் சினந்தவர்களைவிடப் பார்க்காமலே சினந்தவர் தொகை பெரிது. படப்பிடிப்புத் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே, 1938 அக்டோபரில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்த ஜெர்மன் தூதர் கிஸ்லிங், அமெரிக்கப் படத்துறையின் ஒழுக்கவிதி அலுவலகத் தலைவர் ஜோசப் பிரீனுக்கு இதுபற்றி முறையிட்டுக் கடிதம் எழுதினார். அவரது முறையீடு வியப்புக்குரியதன்று. வியப்புக்குரியது இங்கிலாந்தின் போக்கு. 1939இன் முற்பகுதியில் பிரிட்டிஷ் தணிக்கைக் குழுவும் கவலைகொண்டு விசாரித்தது. வாழும் அரசுத் தலைவர் ஒருவரை இழிவுபடுத்தும் படத்தை அந்நாட்டில் அனுமதிப்பது அரிது என்பதே அன்றைய நிலை. ஹிட்லரை மனங்குளிர வைத்தால் போர் வராது என்று அரசினர் நம்பியிருந்த காலம் அது.

சாப்ளினுக்கும் நாஜிகளுக்கும் பகை அதற்கு முன்பே மூண்டிருந்தது. 1931 மார்ச்சில் அவர் பெர்லினுக்குச் சென்றபோது பெருந்திரள் மக்கள் தெருவில் நின்று வரவேற்றனர். நாஜி ஏடுகளோ அவ்வரவேற்பைக் கண்டு கொதித்தன. 1933இல் வெளியான ஒரு நாஜி நூல் அவர் படத்தை அச்சிட்டு, அவரை யூதர் என்று பெயரிட்டு இழித்துரைத்தது. அவர் யூதர் அல்லர். ஆயினும் மறுத்துக் கூற அவர் விரும்பவில்லை. மறுத்தால் யூதராயிருப்பது குற்றம் என்று ஒப்புக்கொண்டதாகும் அல்லவா?

ஹிட்லரின் கட்சி மாநாட்டைப் புகழ்ந்து எடுத்த ‘டிரையம்ப் ஆஃப் தி வில்’ என்னும் படத்தைப் பற்றிய ஒரு செய்தியை இயக்குநர் லூயி புனுவேல் தம் நினைவு நூலில் கூறுகிறார். நியூயார்க் கலைக்காட்சியகம் ஒன்றில் சாப்ளினும் பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேரும் அதைப் பார்த்தனராம். கிளேர் அஞ்சி நடுங்கி, இதை வெளியில் காட்டினால் நாம் தோற்றோம் என்றாராம். சாப்ளினோ சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தாராம். ஒரே அறையில் இருந்த இரு கலைஞரின் கண்களுக்கு ஒரே படம் இருவேறாகத் தோன்றிற்று. கிளேரின் அச்சம் பொய்யன்று. சாப்ளினின் சிரிப்பும் பொய்யன்று. பின்னர் எழுந்த வழக்கு முழுவதற்கும் இந்த ஒரு காட்சியே முன்னுரை போல் அமைந்துவிட்டது.

1939 செப்டம்பர் முதல் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. அடுத்த சில நாட்களில் சாப்ளின் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் செலவு. அது அவருடைய சொந்தப் பணம். பிறர் பணத்தில் எடுத்திருந்தால் படம் பாதியில் நின்றிருக்கும் என்பதில் ஐயமில்லை. திரையைச் சுடுவோம், நாற்றக் குண்டு வீசுவோம், கலகம் விளைப்போம் என்று கடிதங்கள் வந்தன. துறைமுகத் தொழிலாளர் தலைவர் ஹாரி பிரிட்ஜஸை அழைத்து, முதற் காட்சிக்குத் தங்கள் ஆட்கள் சிலரை அனுப்ப முடியுமா என்று சாப்ளின் கேட்டார். அவர் நகைத்து, உங்களைக் காக்க உங்கள் இரசிகர்களே போதும் என்றார்.

நியூயார்க்கும் வாஷிங்டனும்

1940 அக்டோபர் 15ஆம் நாள் நியூயார்க் நகரின் ஆஸ்டர், கேப்பிடல் ஆகிய இரு கொட்டகைகளில் படம் வெளியாயிற்று. பிரான்சு வீழ்ந்து நான்கு திங்கள் ஆகியிருந்தது. அமெரிக்காவோ போரில் இறங்கவில்லை. இறங்கலாகாது என்னும் கருத்தே நாட்டில் வலுத்திருந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய துணைவர் ஹாரி ஹாப்கின்ஸ் படத்தைக் கண்டு, மிக உயர்ந்த முயற்சி, ஆயினும் பணம் போய்விடும் என்று சாப்ளினிடம் கூறினாராம். நல்ல மனிதர், வணிகக் கணிப்பில் தவறிவிட்டார். நியூயார்க்கில் மட்டும் பதினைந்து வாரம் ஓடியது. சாப்ளின் அதுவரை எடுத்த படங்கள் அனைத்திலும் மிகுந்த வருவாய் ஈட்டியது இதுவே. அகாடமி விருதுக்கு ஐந்து பிரிவுகளில் முன்மொழியப்பெற்றது, ஒன்றும் கிட்டவில்லை. நியூயார்க் விமரிசகர் வழங்கிய சிறந்த நடிகர் விருதை ஏற்க அவரே மறுத்துவிட்டார்.

‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் விமரிசகர் பாஸ்லி குரோதர் படத்தை மிக உயர்வாகப் பாராட்டினார். ஆயினும் அவரும் பிறரும் ஒன்றுபோல் குறை கண்ட இடம் ஒன்று உண்டு: இறுதிச் சொற்பொழிவு. மேடையேற்றப்பட்ட நாவிதன் ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டத்தை நோக்கிப் பேசுகிறான். இயந்திரம் மனிதனை ஆளலாகாது, வீரர்கள் கொடியோர்க்கு அடிமையாகலாகாது, மக்களாட்சியின் பெயரால் ஒன்றுபடுவோம் என்பது அப்பேச்சின் சாரம். கேட்கும்போது நாவிதன் மறைந்துபோகிறான், ஹிங்கெலும் இல்லை, சாப்ளினே நம்மைப் பார்த்துப் பேசுகிறார். சிரிக்க வந்தவர்க்கு ஏன் இந்தப் பிரசங்கம் என்றனர் ஒரு சாரார். ‘டெய்லி நியூஸ்’ ஏடோ, பொதுவுடைமை விரலை நீட்டி மக்களைச் சுட்டுகிறார் என்று சாடியது.

இங்கே தொல்காப்பியரின் பகுப்பு நினைவுக்கு வருகிறது. படத்தின் முதல் இரண்டு மணிநேரம் பழிகரப்பின் பாற்பட்டது. ஹிட்லர் என்னும் பெயர் ஓரிடத்தும் வரவில்லை. மறைப்பு மெல்லிய துணிதான். ஆனால் துணி இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்தில் துணியை நீக்கிவிட்டுச் செம்பொருளாகப் பேசியபோதே விமரிசகர் முகஞ்சுளித்தனர். கலை நயம் குன்றியது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதில் உண்மை உண்டு. ஆனால் வேறொரு காரணமும் இருந்திருக்கவேண்டும். சிரித்துவிட்டு வீடு திரும்புவது எளிது. நீயும் ஏதேனும் செய் என்று சொல்லும் குரலைக் கேட்டுவிட்டுத் திரும்புவது எளிதன்று. போரா அமைதியா என்று முடிவு செய்யாத ஒரு நாட்டு மக்களிடம் அக்குரல் உறுத்தத்தான் செய்யும்.

விமரிசகர் வெறுத்த அப்பேச்சையே பொதுமக்கள் விரும்பினர் என்பதும் வரலாறு. 1941 சனவரியில் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை அதிபராகப் பதவியேற்றபோது, அதனையொட்டி வாஷிங்டனில் நடந்த நிகழ்ச்சியில் அச்சொற்பொழிவை நேரில் நிகழ்த்துமாறு சாப்ளினை அழைத்தனர். வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. பேச்சின் நடுவே அவருக்கு நா வறண்டுவிட்டது, தண்ணீர் கேட்டார். அருகில் தண்ணீர் இல்லை. நாடே காதைத் தீட்டிக்கொண்டிருக்க, இரண்டு நிமிட மௌனத்துக்குப் பின் ஒரு காகித உறையில் இரண்டு மிடறு நீர் வந்ததாம். ரூஸ்வெல்ட்டோ அவரைச் சந்தித்தபோது பாராட்டுரை எதுவும் கூறவில்லை; உமது படத்தால் ஆர்ஜெண்டினாவில் நமக்குப் பெருந்தொல்லை என்றாராம். ஆர்ஜெண்டினா அப்படத்தைத் தடுத்திருந்தது. நடுநிலை வகித்த அயர்லாந்தும் போர்க்காலத்தில் அதை அனுமதிக்கவில்லை.

1941 செப்டம்பரில் அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்று, ஹாலிவுட் படங்கள் மக்களைப் போருக்குத் தூண்டுகின்றனவா என்று விசாரணை தொடங்கியது. குற்றஞ்சாட்டியோரில் முதன்மையானவர் ஜெரால்டு நை என்னும் உறுப்பினர். எந்தப் படங்களைப் பார்த்தீர் என்று அவரைக் கேட்டபோது விடை தடுமாறிற்று; கண்டித்த படங்கள் பலவற்றை அவர் பார்த்திருக்கவில்லை. படத்துறையின் சார்பில் வாதாடியவர், முந்திய ஆண்டு ரூஸ்வெல்ட்டை எதிர்த்துத் தேர்தலில் நின்று தோற்ற வெண்டல் வில்கி. சாப்ளினுக்கும் அழைப்பாணை வந்தது. அவர் சாட்சி சொல்லும் நாள் வருமுன் டிசம்பர் 7இல் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கினர், விசாரணை கலைந்தது.

குண்டு விழும் ஊரில்

லண்டனில் படம் வெளியானது 1940 டிசம்பரில். செப்டம்பர் 7 முதல் அந்நகர்மீது இரவுதோறும் குண்டுகள் பொழிந்துகொண்டிருந்தன. பதினெட்டுத் திங்களுக்கு முன் இப்படத்தை அஞ்சிய அதே நாடு இப்போது கைதட்டி வரவேற்றது. தணிக்கை விதிகளின் நிலைபேறு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நியூயார்க்காருக்கு ஹிங்கெல் கடல்கடந்த ஓர் அரசியல். லண்டன்காருக்கோ அவன் மாலையில் தலைக்குமேல் வரவிருக்கும் விமானம். அவர்களுடைய சிரிப்பில் பழிவாங்கும் சுவையும் கலந்திருந்திருக்கும்.

போர்க்காலத்தில் பெல்கிரேடு நகரிலிருந்து வரும் கதை ஒன்று உண்டு. படக்கொட்டகையில் பணிபுரிந்த ஓர் இளைஞர், ஜெர்மன் வீரர்க்கான காட்சியில் வேறு படச்சுருளுக்குப் பதிலாக இதனைச் சுழலவிட்டார் என்றும், சிறிது நேரம் பார்த்த பின்னரே அவர்கள் உண்மை உணர்ந்தனர் என்றும், ஒருவன் திரையை நோக்கிச் சுட்டான் என்றும் அவர் பின்னாளில் கூறினார். முதலிற் சிறிது நேரம் ஏன் பார்த்தார்கள் என்பதே அக்கதையில் சுவையான பகுதி. ஹிட்லரே இருமுறை தனியாகப் பார்த்தார் என்னும் செய்தியும் பலகாலமாக உலவுகிறது. உறுதியான சான்றின்றி அதை வரலாறாகக் கொள்வதற்கில்லை.

பெர்லின், 1946

போர் முடிந்தது. 1945 வசந்தத்தில் பாரிசிலும், 1946இல் இத்தாலியிலும் படம் வெளியாயிற்று. ஜெர்மனியில் காட்டலாமா? ஆட்சியிலிருந்த அமெரிக்க அதிகாரிகளுக்கு இவ்வினா எழுந்தது. தோற்ற நாட்டு மக்களுக்கு நல்லறிவு புகட்டும் படங்களைத் தேர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1946இல் பெர்லின் நகரில் ஒரு சோதனை நடத்தினர். வேறோர் அமெரிக்கப் படத்தைக் காண வந்த கூட்டத்துக்கு முன்னறிவிப்பின்றி இதனைத் திரையிட்டு, முடிவில் வினாத்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டனர். பெரும்பான்மையோர் எழுதிய விடை: இப்படத்தை ஜெர்மனியில் இப்போது காட்டவேண்டா.

இவ்விடையை எப்படிப் புரிந்துகொள்வது? நாஜிப் பற்று இன்னும் அவியவில்லை என்று கொள்ளலாம். சிலரிடத்து அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அக்கொட்டகையில் அமர்ந்திருந்தவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். வெளியே வந்தால் இடிந்த சுவர்கள்; மகனோ கணவனோ திரும்பாத வீடுகள். திரையில் ஒரு கோமாளி கூச்சலிடுகிறான், கூட்டம் கைதட்டுகிறது, அவன் கையசைத்தவுடன் கைதட்டல் நிற்கிறது. அந்தக் கூட்டம் யார்? பெர்லின் மக்களே. ஹிங்கெலைப் பார்த்து உலகம் முழுதும் சிரிக்கலாம். அவனுக்குக் கைதட்டியவர் எப்படிச் சிரிப்பார்? இத்தகைய கோமாளியையா பன்னிரண்டு ஆண்டுகள் தலைவன் என்று வணங்கினோம் என்னும் நாணம் ஒருபுறம். இவன் வெறும் கோமாளியாயிருந்தால் இத்தனை உயிர் எப்படிப் போயிற்று என்னும் வினா மறுபுறம். இரண்டாம் வினா நாணத்தினும் கனமானது. அதற்குப் படத்தில் விடை இல்லை.

அதிகாரிகள் படத்தை எடுத்து வைத்துவிட்டனர். மேற்கு ஜெர்மனியில் அது முறையாக வெளியானது 1958இல்தான்.

பார்த்தவர்கள் மாறினர் என்பதோடு, படம் குறித்த உலகின் அறிவும் மாறியிருந்தது. 1940இல் நாஜிகளின் வதைமுகாம் என்றால் மக்கள் நினைவுக்கு வந்தது கொடிய சிறைச்சாலை. தாக்கோ முகாம் 1933 முதல் இருந்தது. 1938 நவம்பரில் யூதர் கடைகளும் கோயில்களும் நொறுக்கப்பட்டதை உலகம் அறிந்திருந்தது. நச்சுப்புகையால் மக்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்லும் முகாம்கள் தோன்றியது 1941இன் இறுதியிலிருந்து. படத்தில் நாவிதன் முகாமில் அடைபட்டு அணிவகுத்து நடக்கும் காட்சி நகைச்சுவையாகவே வருகிறது. 1940இல் அதைக் கண்டு சிரித்தவர் கல்நெஞ்சர் அல்லர். 1945க்குப் பின் அதைக் கண்டு சிரிக்க முடியாதவரும் சுவையறியாதவர் அல்லர். இடையே ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டிருந்தனர்.

இந்நிலையை முதலில் ஒப்புக்கொண்டவருள் ஒருவர் சாப்ளினே. முகாம்களில் நடந்த உண்மைக் கொடுமைகளை அன்றே அறிந்திருந்தால் இப்படத்தை எடுத்திருக்க முடியாது என்று 1964இல் வெளியான தன்வரலாற்றில் அவர் எழுதினார். அதற்கு இரண்டாண்டு முன்பு ஜெர்மன் தத்துவ அறிஞர் அடோர்னோ இன்னும் கடுமையாகக் கூறியிருந்தார். ஹன்னா மாடி சன்னலிலிருந்து வறைசட்டியால் நாஜிச் சேவகர் தலைகளில் அடிக்கிறாள். அவளுக்கு ஒரு கேடும் நேரவில்லை. மெய்யான உலகில் அவளைக் கிழித்தெறிந்திருப்பார்கள். அதை மறைத்த அளவில் படத்தின் அங்கதம் வலுவிழந்து அருவருப்பாகிறது என்பது அவர் வாதம். அடோர்னோ நாஜிகளிடமிருந்து தப்பி நாடுவிட்டு நாடு சென்றவர். அவர் சொல்லை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆனால் ஒன்று கேட்கலாம். அந்த அடியை நம்பச் சொல்லியா படம் காட்டுகிறது? எளியவர் மனத்தில் நடக்கும் போரைத் திரையில் காட்டுவது கூத்தின் பழைய உரிமை. நம் தெருக்கூத்துக் கட்டியங்காரன் அரசனையே கேலி செய்துவிட்டுத் தலை தப்பி நிற்கிறான். அரண்மனையில் அப்படிச் செய்ய முடியுமா என்று எவரும் கேட்பதில்லை. அடோர்னோவின் குறை ஹன்னாவின் வறைசட்டியைவிட முகாம் காட்சிக்கே மிகுதியும் பொருந்தும். அங்கே சிரிப்பு கொடியவனை விட்டு விலகித் துன்புறுவோர்மேல் சற்று வழுக்கி விழுகிறது. சாப்ளினின் பிற்கால வருத்தமும் அதையே சுட்டுகிறது.

1942இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த ‘டு பி ஆர் நாட் டு பி’ என்னும் படமும் இவ்வழக்கில் சிக்கியது. போலந்து நாடகக் குழுவொன்று நாஜிகளை ஏமாற்றும் கதை அது. சாப்ளின் படத்தைப் புகழ்ந்த அதே குரோதர் இதனை மனமற்ற வேடிக்கை என்று கடிந்தார். இரண்டு படங்களுக்கும் இடையே கழிந்தது ஒன்றரை ஆண்டு. அதற்குள் அமெரிக்காவும் போரில் இறங்கியிருந்தது. லூபிட்ச் படத்தில் இறுதிச் சொற்பொழிவு இல்லை. சாப்ளினிடம் பிரசங்கம் ஏன் என்று கேட்டவர்கள், பிரசங்கம் இல்லாத படத்தில் உள்ளம் எங்கே என்று கேட்டனர். விமரிசகரை மகிழ்விப்பது அரிது.

தாமதமாகச் சிரித்தவர்கள்

அங்கதத்துக்கு அமெரிக்காவில் சாப்ளின் கொடுத்த விலையும் உண்டு. போருக்குப் பின் எழுந்த பொதுவுடைமை அச்சத்தில், இப்படத்தின் இறுதிப் பேச்சும் போர்க்காலத்தில் சோவியத்துக்கு ஆதரவாக அவர் ஆற்றிய உரைகளும் அவர்மேல் எழுந்த ஐயத்துக்கு உரமாயின. 1952 செப்டம்பரில் அவர் கப்பலில் இங்கிலாந்து சென்றுகொண்டிருந்தபோது, மீண்டும் அமெரிக்காவுக்குள் நுழையும் அனுமதி நீக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 1972இல், விருது பெற அங்கே சென்றார்.

ஜப்பானியர் இப்படத்தை 1960இல் கண்டனர். ஸ்பெயின் நாட்டாருக்கு, தங்கள் சர்வாதிகாரி பிராங்கோ 1975இல் இறந்த பின், 1976இல்தான் அது கிட்டியது. தங்கள் நாட்டுக் கொடுங்கோலன் உயிரோடிருக்கும்வரை அயல்நாட்டுக் கொடுங்கோலனைப் பார்த்தும் சிரிக்க உரிமையில்லை போலும். இத்தாலியில் நடந்தது இன்னும் விந்தை. முசோலினியின் மனைவி ராக்கேலே உயிரோடிருந்தமையால், அவர் மனம் நோகலாகாது என்று நாபலோனியின் மனைவி வரும் காட்சிகளை வெட்டிவிட்டுத் திரையிட்டனர். ராக்கேலே 1979இல் இறந்தார். வெட்டிய காட்சிகள் இத்தாலியர் கண்ணுக்கு வந்ததோ 2002இல்.

அதே 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெர்லின் உலகத் திரைப்பட விழாவின் நிறைவுப் படமாகச் சாப்ளினின் படத்தின் புதுப்பிரதி காட்டப்பெற்றது. இம்முறை அதைக் காண வந்தவர் எவரிடமும் வேறு படம் என்று சொல்லி அழைக்கவில்லை.